பொன்னாடைக்குப் பணமுண்டு, நிரலுக்கு இல்லையாம்!

தமிழுக்காகக் கணினியில் ஏதேனும் செய்ய முற்படும் மாணவனுக்கு மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சமுதாயத்தில் பாராட்டுக்குக் குறைவே இல்லை. பள்ளி ஒன்றுகூடலில் பாராட்டு. கோயில் மண்டபத்தில் பாராட்டு. நாளேட்டில் படத்தோடு பாராட்டு. தலைவர் தோளைத் தட்டிக் கொடுப்பார். செயலாளர் மாலை அணிவிப்பார். தமிழன்னை மகிழ்கிறாள் என்று எவரேனும் ஒருவர் ஒலிபெருக்கியில் முழங்குவார். அடுத்த வாரம் அதே மாணவன் வந்து, தொடங்கிய வேலையை முடிக்க ஒரு வருடியும் ஒரு வன்தட்டும் வேண்டும், இரண்டாயிரம் வெள்ளி ஆகும் என்று சொல்லட்டும். தலைவர் கூட்டத்தில் இருப்பார். செயலாளர் வெளியூர் போயிருப்பார். தமிழன்னை மட்டும் தொடர்ந்து மகிழ்ந்துகொண்டிருப்பாள்.

பணம் இல்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அது உண்மையன்று. சமுதாயத்தின் கையிலும் பணம் இருக்கிறது. அது பற்றிப் பின்னர். அதனினும் வியப்பானது, சமுதாயத்துக்கு வெளியே இத்தகைய மாணவர்க்கென்றே ஒதுக்கப்பட்ட பணம் இருப்பதும், அதனைக் கேட்டுப் பெறத் தமிழர் பெரும்பாலும் போகாததுமாகும். அப்பணம் தொழில்முறைக் கழகங்களிடம் உள்ளது.

தொழில்முறைக் கழகம் என்றால் என்ன? மருத்துவர்க்கு மருத்துவர் சங்கம் இருப்பதுபோல் பொறிஞர்க்கும் கணினி அறிஞர்க்கும் உள்ள சங்கமே அது. உறுப்பினர் சந்தா கட்டுகின்றனர். கழகம் ஆய்விதழ் வெளியிடுகிறது, மாநாடு கூட்டுகிறது, தரங்களை வகுக்கிறது. வருவாயில் ஒரு பகுதியை அடுத்த தலைமுறைக்கு ஒதுக்குகிறது. ஐ-ட்ரிபிள்-ஈ எனப்படும் மின்னியல், மின்னணுவியல் பொறிஞர் கழகம் 1884இலும் 1912இலும் தோன்றிய இரு அமெரிக்கச் சங்கங்கள் 1963இல் இணைந்ததால் பிறந்தது. இன்று மலேசியாவுக்கு ஒரு கிளை, சிங்கப்பூருக்கு ஒரு கிளை, பல்கலைக்கழகங்களில் மாணவர் கிளைகள் என்று பரந்து நிற்கிறது. கணினி அறிஞர்க்கென ஏ.சி.எம். எனும் கழகம் 1947 முதல் இயங்குகிறது. சிங்கப்பூர்க் கணினிச் சங்கம் 1967இல் அமைந்தது. அதற்கும் மாணவர் கிளைகள் உள்ளன. மலேசியாவில் தேசியக் கணினிக் கூட்டமைப்பு உள்ளது. இவற்றுள் எதுவும் அறச்சாலை அன்று. எதன் வாயிலிலும் வாழ்த்துப்பா பாடி நிற்க வேண்டியதில்லை. விதி எழுதப்பட்டிருக்கும், படிவம் பொதுவில் இருக்கும், குறித்த நாளுக்குள் விண்ணப்பித்தவர் திட்டத்தைத் துறையறிந்தோர் படித்துப் பார்த்து முடிவு செய்வர்.

ஐ-ட்ரிபிள்-ஈ கழகத்தின் எபிக்ஸ் திட்டத்தையே சற்று விரிவாக நோக்கலாம். எபிக்ஸ் என்னும் கல்விமுறை 1995இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் தோன்றியது. வகுப்பறையில் கற்கும் பொறியியலை ஊரார் தேவை ஒன்றைத் தீர்ப்பதில் செலுத்தி மாணவன் கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. 2009இல் ஐ-ட்ரிபிள்-ஈ அதனைத் தன் திட்டமாக மேற்கொண்டது. தேர்ந்தெடுக்கப்படும் திட்டத்துக்கு 10,000 அமெரிக்க டாலர் வரை வழங்கப்படுகிறது. கல்விப் பணி, உடற்குறையுடையோர்க்கு உதவி, சுற்றுச்சூழல், மக்கள் நலம் என நான்கு துறைகள் வகுக்கப்பட்டுள்ளன. இதில் தமிழாசிரியர் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. பல்கலைக்கழக மாணவரையும் பள்ளி மாணவரையும் ஒரே பணியில் இணைப்பது இத்திட்டத்தின் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. அடுத்தது, மாணவர் தாமாக ஒரு தேவையைக் கற்பனை செய்துகொண்டு விண்ணப்பிக்க இயலாது. அத்தேவையை உடைய சமூக அமைப்பு ஒன்று அவர்களுக்குப் பங்காளியாக இருந்தாக வேண்டும். பள்ளியும் பங்காளியாகலாம், நலச் சங்கமும் ஆகலாம்.

சிறு தொகைகளும் உண்டு. தொழில்தரம் ஒன்றைப் பயன்படுத்திச் செய்யப்படும் மாணவர் திட்டங்களுக்கு 500 டாலரும் அவற்றுக்கு வழிகாட்டும் ஆசிரியருக்கு 300 டாலரும் ஐ-ட்ரிபிள்-ஈ கழகத்தின் தரநிலைக் கல்விக் குழு வழங்கி வந்த காலம் உண்டு. ஏ.சி.எம். நடத்தும் மாணவர் ஆய்வுப் போட்டியில் தேர்வு பெறுவோர்க்கு மாநாட்டுக்குச் செல்ல 500 டாலர் வரை பயணச் செலவு கிடைக்கும். வேண்டுவது மாணவர் உறுப்பியமும் சொந்த ஆய்வும். ஐந்நூறு டாலர் என்ன பெரிய தொகையா என்று கேட்போர் உண்டு. பழைய மடிக்கணினி ஒன்றில் இரவெல்லாம் உழைக்கும் மாணவனைக் கேட்டால் அத்தொகையின் பெருமை விளங்கும்.

இங்கே முதல் மறுப்பு எழும்: "அவையெல்லாம் ஆங்கிலேயர் கழகங்கள், தமிழுக்கு எங்கே கொடுக்கப் போகிறார்கள்?" கேட்டுப் பார்த்து மறுக்கப்பட்டவர் சொன்னால் அது செய்தி, கேளாமலே சொன்னால் அது சோம்பல். அக்கழகங்கள் மொழிக்குக் கொடுப்பதில்லை என்பது மெய்தான். மொழிக்குக் கொடுங்கள் என்று எழுதுவதே தவறு. விண்ணப்பத்தின் முதல் வரியில் கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தையும் குமரிக் கண்டத்தையும் கொண்டு நிறுத்துவோர்க்கு மறுப்புக் கடிதம் வருவதில் வியப்பென்ன? அதனைப் படிக்கும் பொறிஞர் பிரேசிலிலோ போலந்திலோ இருப்பார். தமிழின் தொன்மை அவருக்கு வேண்டியதில்லை. யாருக்கு என்ன துன்பம், அதை இம்மாணவர் எவ்வாறு தீர்ப்பர், எத்தனை மாதத்தில், எவ்வளவு செலவில், தீர்ந்ததை எவ்வாறு அளந்து காட்டுவர் என்பனவே அவருக்கு வேண்டும்.

எடுத்துக்காட்டாக, எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்க விரும்பும் பார்வையற்ற மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. ஆங்கில நூலைக் கணினி அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டும். தமிழ்ப் பாடநூலின் பக்கத்தைப் படமெடுத்து, எழுத்தை அறிந்து, லகர ளகர ழகரம் பிறழாமல் அதே கருவி படிக்க வேண்டுமாயின் சில மாணவர் ஓராண்டு உழைக்க வேண்டும். "தமிழ் வளர்ச்சித் திட்டம்" என்று பெயரிட்டு இதனை அனுப்பினால் எவரும் திரும்பிப் பாரார். "பார்வையற்ற மாணவர்க்குப் பாடநூல் அணுகல்" என்று எழுதினால் அது எபிக்ஸ் வகுத்த நான்கு துறைகளுள் ஒன்றில் நேராகப் போய் அமர்கிறது. பணி ஒன்றே, தமிழுக்கு வரும் பயனும் ஒன்றே. தேவையைத் தேவையாகச் சொல்லக் கற்றுக்கொள்வதற்கு மொழிப்பற்றை விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாம் மறுப்பு தமிழாசிரியரிடமிருந்தே வருவது: "கணினி வேறு துறை, தமிழாசிரியர்க்கு அங்கே என்ன வேலை?" இவ்வாறு கூறுவோர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியை மறந்தவராவர். அவர் ஆசிரியர், சிறுகதையாளர், 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். அவரே சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து இணைய ஆய்வாளரோடு சேர்ந்து உழைத்தார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் ஏறிற்று. 1997இல் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கும் அவரே உந்துவிசை. 1999இல் அவர் மறைந்தார். மலேசியாவில் 1980களின் நடுவில் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய முத்து நெடுமாறனோ கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறனின் மைந்தர். கணித்தமிழ் இவ்விரு நாடுகளிலும் தமிழாசிரியர் வீட்டுத் திண்ணையில் வளர்ந்த பிள்ளை. அதனை அயலார் வீட்டுப் பிள்ளை என்று இன்று ஆசிரியரே கைகழுவுவது முறையாகுமா?

முன்னோடிகள் தம் கைப்பொருளையும் தூக்கத்தையும் செலவிட்டு உழைத்தனர் என்பதை மேடைதோறும் பெருமையாகச் சொல்கின்றனர். அதில் பெருமை உழைத்தவர்க்கு. அவ்வாறு உழைக்க விட்ட சமுதாயத்துக்கு அதில் என்ன பெருமை? தோட்டத்திலிருந்து பெயர்ந்து அடுக்குமாடியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்குக் கைப்பொருள் ஏது? திறமை உடையவன் தமிழை விட்டுவிட்டு, ஊதியம் தரும் வேறு நிரலை எழுதப் போய்விடுகிறான். அவனைத் தமிழ்ப்பற்று இல்லாதவன் என்று வைவதற்கும் மேடை கிடைத்துவிடுகிறது.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புத்தாக்கப் போட்டி, கண்டுபிடிப்புக் கண்காட்சி என்று வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வழக்கம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் வேரூன்றியுள்ளது. விமானச் சீட்டுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் செய்தி நாளேடுகளில் அடிக்கடி வருகிறது. மக்கள் கொடுக்கவும் செய்கின்றனர். கொடுக்கும் மனம் போற்றத்தக்கது. ஆயினும் அப்பணம் எங்கே போகிறது என்று எண்ண வேண்டாவா? பங்கேற்புக் கட்டணத்துக்கும் விமானத்துக்கும் விடுதிக்கும் போகிறது. இத்தகைய கண்காட்சிகள் பலவற்றில் பொற்பதக்கம் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. குறித்த மதிப்பெண் எடுத்த அனைவருக்கும் உண்டு. பிள்ளை பதக்கத்தோடு திரும்புகிறது; வரவேற்பு நடக்கிறது; அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோன கருவி பள்ளிச் சேமிப்பறைக்குள் நுழைகிறது. மறுநாள் அதனைப் பயன்படுத்துவார் இல்லை. திருத்துவாரும் இல்லை. மக்கள் கொடுத்த பணத்தில் ஒரு வெள்ளியேனும் அக்கருவியை மேம்படுத்தச் செலவாயிற்றா? ஆசிரியர் பலர் உண்மையான உழைப்பாளிகள். பிள்ளைகளின் தன்னம்பிக்கை வளர்கிறது என்பதும் மெய். அத்தன்னம்பிக்கையை வாங்க விமானச் சீட்டுத்தான் வேண்டுமென்று எவர் விதித்தார்? பணத்தைப் பயணத்துக்குத் திரட்டுகின்றனர், பணிக்குத் திரட்டுவதில்லை. நோய் அங்கேதான் இருக்கிறது.

புரவலர் முறை இதற்கு அண்ணன். மேடையில் பெரியவர் ஒருவர் ஐயாயிரம் வெள்ளி என்று அறிவிக்கிறார். கைதட்டல் அடங்கப் பத்து நிமிடமாகிறது. அத்தொகை வருகிறதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். வந்தாலும் அதற்குத் திட்டமில்லை, கணக்கில்லை, அறிக்கை கேட்பாரில்லை. மாணவன் கற்பது என்ன? யாரிடம் எந்த நேரத்தில் எப்படிச் சென்று பேசினால் பணம் பெயரும் என்னும் கலையைக் கற்கிறான். தொழில்முறைக் கழகத்திடம் பணம் பெற்றவன் செலவுச் சீட்டை அடுக்குகிறான். இடைக்கால அறிக்கை எழுதுகிறான். எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறான். அடுத்து வருபவன் அவ்வறிக்கையைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடங்க இயலும். புரவலர் மறைந்தால் கொடை மறையும். விதியால் வரும் மானியம் ஆண்டுதோறும் வரும்.

இதனால் அக்கழகங்கள் குற்றமற்றவை என்று கொள்ள வேண்டா. உறுப்பினர் கட்டணத்தை அமெரிக்க டாலரில் கேட்கின்றன. வெள்ளியின் மதிப்பு இறங்கும்போது மாணவன் சுமை ஏறுகிறது. படிவமும் அறிக்கையும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும். மாணவர் கிளை இல்லாத கல்லூரியில் படிப்பவன் வாயிலுக்கு வெளியே நிற்கிறான். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் மலேசியாவில் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் நேரடியாக அக்கதவைத் தட்ட முடியாது. இத்தகைய மானியம் பெரிதும் கருவிக்கும் பொருளுக்கும் உரியது. உழைப்புக்கு ஊதியமாக அதனை எதிர்பார்ப்பவன் ஏமாறுவான். இவையெல்லாம் உண்மையான தடைகள். ஆயினும் இவற்றைக் கடக்க வழி உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்து இன்று பொறியியல், கணினித் துறைகளில் பயிலும் மாணவர் இல்லாத அரசுப் பல்கலைக்கழகம் எது? சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் அத்தகையோர் இல்லையா? தமிழ் மொழிக் கழகம் என்று அவர்களே நடத்தும் அமைப்பு ஒரு கட்டடத்தில் இருக்கும். பொறிஞர் கழகத்தின் மாணவர் கிளை அடுத்த கட்டடத்தில் இருக்கும். முன்னது ஆண்டுக்கொரு முறை பாரதி விழா நடத்துகிறது. பின்னது திட்டமும் பங்காளியும் தேடிக்கொண்டிருக்கிறது. இடையே உள்ள நூறு அடியை நடப்பார் இல்லை.

எல்லாத் திட்டமும் அங்கே போகாது என்பதும் தெளிவு. கோலாலம்பூரில் 1924 முதல் வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றது. அதன் பழைய பக்கங்களைக் கணினி படித்துத் தேடித்தர வேண்டுமெனின் தனியே உழைப்பு வேண்டும். காரணம் எழுத்திலேயே இருக்கிறது. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் மலேசியாவும் சிங்கப்பூரும் அவ்வழி சென்றன. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் அதற்கு முன் வேறு வடிவில் அச்சாயின. புதிய வடிவத்தைக் கொண்டு பழக்கப்பட்ட மென்பொருள் பழைய பக்கத்தில் இடறுகிறது. அதனைப் பழக்க ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். யார் கொடுப்பது? பழைய எழுத்தில் படித்துத் தேர்ந்து, இன்று ஓய்வு பெற்றிருக்கும் தமிழாசிரியரே கொடுக்க வல்லவர். அவர்களும் எத்தனை ஆண்டு இருப்பர்? எபிக்ஸ் இதற்குப் பணம் தருமென்று நம்பிக் காத்திருக்க இயலாது. இது தமிழ் அமைப்புகளே ஏற்க வேண்டிய செலவு.

இப்பொழுது சமுதாயத்தின் கையில் உள்ள பணத்துக்கு வரலாம். ஒரு விழாவில் இருபது பேருக்குப் பொன்னாடை. ஒன்று ஐம்பது வெள்ளி என்று வைத்தாலும் ஆயிரம் வெள்ளி. மாலை, நினைவுக் கேடயம், மண்டபம், விருந்து ஆகியவை தனி. ஆண்டுக்கு நான்கு விழா நடத்தும் சங்கம் பொன்னாடைக்கு மட்டுமே நாலாயிரம் வெள்ளி செலவிடுகிறது. போர்த்தப்பட்டவர் வீட்டு அலமாரியில் அப்பொன்னாடைகள் மடிப்புக் கலையாமல் உறங்குகின்றன. அந்நாலாயிரத்தை ஈராயிரமாக இரண்டு மாணவர் திட்டங்களுக்கு ஒதுக்கி, தொழில்முறைக் கழகம் செய்வதைப் போலவே விதி வகுத்து, நாள் குறித்து, தமிழறிந்தார் ஒருவரும் கணினியறிந்தார் இருவரும் அமர்ந்த குழுவைக் கொண்டு தேர்ந்து, ஆண்டு முடிவில் அறிக்கை பெற்று, எழுதப்பட்ட நிரலைப் பொதுவில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? எழுத்தாளர்க்குச் சங்கம் உண்டு. தமிழாசிரியர்க்குச் சங்கம் உண்டு. தொழில்முறைக் கழகம் என்னும் பெயருக்கு அவையும் உரியனவே. சந்தா வாங்குகின்றன, ஆண்டுக் கூட்டம் கூட்டுகின்றன, தேர்தலில் மோதிக்கொள்ளவும் செய்கின்றன. மாணவர்க்கு மானியம் கொடுப்பது ஒன்றுதான் குறை. கணித்தமிழுக்கென உத்தமம் என்னும் உலக அமைப்பு 2000இல் சிங்கப்பூரில் உருவாயிற்று. அதன் மாநாடுகள் 2001இலும் 2013இலும் கோலாலம்பூரில் கூடின. கட்டுரை படிக்க வந்த மாணவரை அங்கே காண முடிந்தது. அவர் திரும்பிச் சென்றபின் அக்கட்டுரையைக் கருவியாக்கச் செலவு கொடுப்பதற்கு உள்ளூர்ச் சங்கங்களைத் தவிர வேறு யார் அருகில் இருக்கிறார்?

பணமே கொடுக்க இயலாத சிறு சங்கமாயினும் ஒன்று செய்யலாம். எபிக்ஸ் போன்ற திட்டத்துக்கு வேண்டிய சமூகப் பங்காளியாகத் தன்னைப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குத் தேவை ஒரு பக்கக் கடிதம். சங்கம் எத்தேவையை உடையது. அத்தேவையால் எத்தனை பேர் அல்லலுறுகின்றனர். மாணவர் செய்து தரும் கருவியை யார் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்வர். பணி முடிந்தபின் அதனை யார் பேணுவர். இவ்வளவே அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுத அஞ்சும் செயலாளர்க்கு அப்பல்கலைக்கழக மாணவரே எழுதிக் கொடுப்பர். முகவரித் தாளில் அச்சிட்டு, கையொப்பமும் சங்க முத்திரையும் இட்டு, விண்ணப்ப நாள் முடிவதற்கு ஒரு மாதம் முன்பாக மாணவர் கையில் சேர்ப்பித்தால் போதும்.